மைனஸ் எட்டு டிகிரி அப்பா

மியூனிக், ஸ்டுட்கார்ட், ஃபிராங்க்ஃபர்ட் என்று ஜெர்மனியில் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்து பொங்கல் கொண்டாடுகிற எந்த மண்டபத்திலும் இவரைப் பார்க்கலாம். அடையாளம் சுலபம். மற்ற அப்பாக்கள் பட்டு வேட்டிக்குக் கீழே பளபளவென்று ஷூ போட்டிருப்பார்கள். இவர் வேட்டிக்குக் கீழே மலையேறுகிற பூட்ஸ் போட்டிருப்பார். அதன் விளிம்பில் காய்ந்த சேறு. துடைக்க நேரமில்லாமல் இல்லை. துடைத்துவிட்டால் யாரும் விசாரிக்க மாட்டார்களே!

விவரம் தெரியாத யாராவது விசாரித்துத் தொலைப்பார்கள்.

"என்ன பிரதர், பூட்ஸெல்லாம் மண்ணா இருக்கு?"

"நேத்து பையனை ஸ்கூல்ல விடப் போனப்ப ஒட்டினது. அவன் ஸ்கூல் காட்டுக்குள்ள இருக்குல்ல?"

அவ்வளவுதான், கேட்டவர் மாட்டிக்கொண்டார்.

காட்டுப்பள்ளி என்றால் ஜெர்மன்காரர்கள் வால்ட்கிண்டர்கார்டன் என்கிறார்களே, அதுதான். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் பதினைந்து இருபது பிள்ளைகள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், ஒரு காடு. சுவர் கிடையாது, கூரை கிடையாது, கடையில் வாங்கிய பொம்மை கிடையாது. மழையோ பனியோ, எல்லாம் வெளியில்தான். ரொம்பக் குளிர்ந்தால் ஒதுங்குவதற்குச் சக்கரம் வைத்த மர வண்டி ஒன்று நிற்கும். அதற்குள் விறகு போட்டு எரிக்கிற கணப்பு இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும், கிளை முறிந்து தலையில் விழும் என்பதால், காட்டுக்குள் போகாமல் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் ஒரு பத்தியில் சொல்லி முடித்ததை அவர் சொல்ல ஆரம்பித்தால் 1837இல் ஆரம்பிப்பார். அந்த வருஷம் பாட் பிளாங்கன்பர்க் என்கிற சின்ன ஊரில் ஃபிரோபல் என்கிற ஆசிரியர் குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் திறந்தார், கிண்டர்கார்டனின் தொடக்கம் அதுதான். 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டனையே தடை செய்தது. "சின்னப் பசங்க விளையாடுறதைப் பாத்து ஒரு சாம்ராஜ்யமே பயந்திருக்கு பாருங்க!" என்று இங்கே ஒரு இடைவெளி விடுவார், நீங்கள் வியப்பதற்காக. அப்புறம் 1950களில் டென்மார்க்கில் எலா ஃப்ளாட்டாவ் என்கிற அம்மா பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குக் கூட்டிப்போன கதை. பிறகு 1993இல் ஃபிளென்ஸ்பர்க் நகரத்தில் இரண்டு ஆசிரியைகள் போராடிக் காட்டுப்பள்ளிக்கு முதன்முதலாக அரசு அங்கீகாரம் வாங்கிய கதை. இன்றைக்கு ஜெர்மனியில் இந்தப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் என்று அவர் முடிக்கும்போது, உங்கள் கையிலிருக்கும் வடை கல்லாகியிருக்கும்.

வரலாறு முடிந்தது, விட்டுவிடுவார் என்று நினைத்தால் அது நம் அனுபவக் குறைவு. பக்கத்தில் நிற்கிற அம்மா, "எங்க பொண்ணுக்கு நாலு வயசுதான் ஆகுது, தமிழ், இங்கிலீஷ், ஜெர்மன் மூணுலயும் நூறு வரைக்கும் சொல்லுவா" என்பார். அபாகஸ் அப்பா ஒருவர் தன் மகன் பெருக்கல் போடுவதைச் சொல்வார். நம்மவர் எல்லாவற்றையும் புன்னகையோடு கேட்டுக்கொண்டு கடைசியில் வாயைத் திறப்பார்.

"எங்க பையனுக்கு அஞ்சு வயசு. ஏ, பி, சி தெரியாது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் பெருமையைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் பிள்ளைக்குத் தெரிந்ததைச் சொல்லி ஜெயிக்கப் பார்க்கிறார்கள். இவர் தெரியாததைச் சொல்லி ஜெயித்துவிட்டுப் போகிறார். "ஆனா மைனஸ் எட்டு டிகிரில நாலு மணி நேரம் வெளிய இருந்தான். ஒரு தடவைகூட அழலை" என்று கூடுதல் மதிப்பெண்ணையும் தானே போட்டுக்கொள்வார்.

இந்த மனிதர் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. இவர் படித்தது நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில். விடியற்காலை எழுந்து, புத்தகத்தின் முன்னாலேயே பல் தேய்த்து, பிளஸ் டூவில் 1200க்கு 1168 வாங்கியவர். ரிசல்ட் வந்த அன்று ஊரே பாராட்டியது. அவருடைய அப்பா மட்டும், "மிச்சம் முப்பத்திரண்டு எங்கடா போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதிலேயே இருக்கிறது. 'என் பிள்ளைக்கு மார்க்கே வேண்டாம்' என்று அவர் முடிவு செய்ததில் தப்பே சொல்ல முடியாது. மார்க் இல்லாத பள்ளியைத் தேடிப் பிடித்துச் சேர்க்கவும் செய்தார். அங்கே போனபிறகு மார்க் போடுவதற்கு ஒரு தெர்மாமீட்டரைக் கண்டுபிடித்துக்கொண்டார், அதுதான் வேடிக்கை.

சேர்க்கை ஒன்றும் லேசானதல்ல. நல்ல காட்டுப்பள்ளிகள் பலவற்றுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. பல பள்ளிகளைப் பெற்றோர்களே சங்கம் வைத்து நடத்துகிறார்கள். 'உங்கள் பிள்ளை ஏன் காட்டில் வளர வேண்டும்?' என்று கடிதம் எழுதச் சொல்லும் இடங்களும் உண்டு. நம்மவர் அந்தக் கடிதத்தை ராத்திரி பூரா உட்கார்ந்து எழுதினார். தன் பூர்வீகம் தாமிரபரணிக் கரை என்றும், தலைமுறை தலைமுறையாக மண்ணோடு பிணைந்த குடும்பம் என்றும் எழுதியிருந்தார். தாத்தா காலத்து நிலத்தை விற்றுத்தான் இவரை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை.

வீடியோ அழைப்பில் விஷயத்தைக் கேட்ட அவருடைய ஆச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"ஏல, நான் படிச்சது புளியமரத்தடில. மழை பெஞ்சா லீவு. கூரை போட்டுத் தாங்கன்னு எங்கய்யா கலெக்டருக்கு மனு மேல மனு எழுதுனாரு. நீ கூரை வேண்டாம்னு மனு எழுதுதியோ?"

"ஆச்சி, அது வேற, இது வேற."

"என்ன வேற? மரந்தானல?"

"இங்க எல்லாத்துக்கும் ஒரு கான்செப்ட் இருக்கு ஆச்சி."

"அந்தச் சனியன் இருக்கட்டும். பிள்ளைக்குத் தலையில ஈரம் இறங்கிராம பாத்துக்க."

அடுத்த மாதமே பார்சல் வந்தது. இரண்டு குரங்குக் குல்லாய், ஒரு பாட்டில் நீலகிரித் தைலம்.

பள்ளியில் சேர்ந்ததும் பிள்ளை பழகும் காலம் என்று ஒன்று உண்டு. ஜெர்மனியில் எந்தக் கிண்டர்கார்டனிலும் உண்டு. பெற்றோரில் ஒருவர் கூடவே இருந்து, பிள்ளைக்கு இடமும் ஆளும் பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்ள வேண்டும். நம்மவரின் பிள்ளை இரண்டாம் நாளே சேற்றில் உட்கார்ந்து அணை கட்ட ஆரம்பித்துவிட்டான், அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவுக்குத்தான் பழகவில்லை. ஒரு பீச் மரத்தின் பின்னால் நின்றுகொண்டு, குடையிலிருந்து வழியும் தண்ணீர் கழுத்துக்குள் இறங்க, பிள்ளை ஏங்குகிறானா என்று எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் ஆசிரியையே வந்து, "பையன் நன்றாக இருக்கிறான். நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அடுத்து உடுப்பு. 'கெட்ட வானிலை என்று எதுவும் இல்லை, தப்பான உடைதான் உண்டு' என்பது அங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த வாசகம். இதைச் சொல்லிச் சொல்லியே கடைக்காரர்கள் பிழைக்கிறார்கள். உள்ளே கம்பளி பனியன். பருத்தி கூடாது, நனைந்தால் காயாமல் உடம்பை இன்னும் குளிர வைக்கும். அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் தண்ணீர் இறங்காத சட்டை, தோள்பட்டி வைத்த ரப்பர் கால்சட்டை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக. கழுத்துக்கு மஃப்ளர் கூடாது, கிளையில் மாட்டி இறுக்கிவிடும். தலைவழியே மாட்டுகிற துணி வளையம்தான். முதுகுப்பைக்கு மார்பில் ஒரு வார் இருக்க வேண்டும், இல்லையென்றால் மரம் ஏறும்போது தோளிலிருந்து நழுவும். எல்லாவற்றிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும். பிள்ளைகள் ஒரு வருஷத்தில் வளர்ந்துவிடுவார்கள் என்பதால் விவரமான ஜெர்மன் அம்மாக்கள் இதையெல்லாம் பழைய துணிச் சந்தையில் வாங்கிவிடுவார்கள். நம்மவர் எல்லாம் புதிதாகவே வாங்கினார். பிள்ளைக்கு வாங்கியதைவிட அதிக விலையில் தனக்கு ஒரு ஜாக்கெட் எடுத்தார். எவரெஸ்ட் போகிறவர்கள் போடும் ரகம். அதைப் போட்டுக்கொண்டு காட்டின் வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, ஹீட்டர் போட்ட காரில் ஆபீஸ் போவார்.

குளிர்காலக் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது. அப்பா தரையில் மண்டியிட்டு, காலுறைக்குள் கால்சட்டையைத் திணித்து, கையுறையின் ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஒவ்வொரு விரலைத் தேடித் திணித்து, ரப்பர் கால்சட்டையின் அடிவாரை பூட்ஸுக்கு வெளியே இழுத்து மாட்டி, கடைசி ஜிப்பையும் போட்டு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அப்போதுதான் பிள்ளை சொல்வான்.

"அப்பா, உச்சா."

அடுத்து சாப்பாட்டு டப்பா. இனிப்பு வேண்டாம், கோடையில் குளவி வரும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஒரு நாள் தயிர்சாதம் வைத்து அனுப்பினார். மைனஸ் ஐந்து டிகிரியில் அது என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. "அம்மா, சாதம் ஐஸ்கிரீம் ஆயிருச்சு" என்று பிள்ளை சந்தோஷமாக வந்து சொன்னான். அதற்கப்புறம் சுருட்டிய தோசை. கையுறையோடு பிடித்துத் தின்ன அதைவிட வசதியான பலகாரத்தை மனிதகுலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மன் பிள்ளைகள் இப்போது அதற்கு ரொட்டியைப் பண்டமாற்று செய்கிறார்கள்.

சாயங்காலம் உண்ணி வேட்டை. பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பர்க்கிலும் பெரும்பாலான மாவட்டங்களில் உண்ணிக் கடியால் மூளையைத் தாக்கும் காய்ச்சல் வரும் ஆபத்து உண்டு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. இதே உண்ணி பரப்பும் லைம் நோய்க்குப் புழக்கத்தில் தடுப்பூசி இல்லை. உண்ணியைச் சீக்கிரம் பார்த்து எடுப்பதுதான் வழி. ஆகவே தினமும் குளிக்கும்போது காதுக்குப் பின்னால், அக்குளில், இடுப்பு மடிப்பில், முழங்கால் குழியில் டார்ச் அடித்துத் தேட வேண்டும். அகப்பட்டால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும்.

"உண்ணியா? அது மாட்டுக்குல்லா வரும்!" என்றார் ஆச்சி. "கொஞ்சம் வேப்பெண்ணெய் வையி, தானா விழுந்துரும்."

"எண்ணெய் வைக்கவே கூடாது ஆச்சி, அது இன்னும் ஆபத்து" என்றார் பேரன். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. சரியாக இருந்ததில் அவருக்கே ஆச்சரியம், ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்கம் நடத்தும் பள்ளி என்றால் பெற்றோர்களும் உழைக்க வேண்டும். துண்டுகளைத் துவைத்துக் கொடுப்பது, தண்ணீர் கேன் நிரப்பி வருவது, மர வண்டியைக் கூட்டுவது, குளிர்காலத்துக்கு விறகு பிளப்பது என்று முறை வரும். வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு. குறைந்தால் அதற்குப் பணம் கட்ட வேண்டும். நம்மவர் விறகு பிளக்கும் நாளுக்குத் தலைவாழை விருந்துக்குப் போகிற மாதிரி தயாரானார். கோடரியோடு ஃபோட்டோ எடுத்து, உடனே ஸ்டேட்டஸ் போட்டார். பிறகு பிளந்த விறகை அள்ளிக்கொண்டு உற்சாகத்தில் ஓடினார். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்பா! குச்சியோட ஓடக் கூடாது. நில்லுங்க."

காட்டுப்பள்ளியில் சட்டங்கள் கொஞ்சம்தான். கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தைத் தாண்டக் கூடாது. காட்டில் கிடைக்கும் எதையும் வாயில் போடக் கூடாது. குறித்த இடம் வந்ததும் நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் காத்திருக்க வேண்டும். குச்சியோடு ஓடக் கூடாது. பிள்ளைகள் யாரும் இவற்றை மீறிப் பார்த்ததில்லை. அத்தனை பெற்றோர் முன்னிலையில் நம்மவர் நின்றார். மூன்று வயதுப் பெண் ஒருத்தி அவர் பக்கத்தில் வந்து, விறகை எப்படிக் கீழ்நோக்கிப் பிடிப்பது என்று செய்து காட்டிவிட்டுப் போனாள்.

மற்றக் காட்டுப்பள்ளி அப்பாக்களைப் பார்த்தால் அவர் பேச்சே மாறிவிடும். அங்கே ஏ, பி, சி தெரியாது என்ற பெருமை செல்லாது, அங்கே யார் பிள்ளைக்கும் தெரியாது. "உங்க பையன் கத்தி பிடிக்கிறானா? எங்க பொண்ணு குச்சி சீவுறா." "எங்க குழுவுல ரம்பமே கொடுத்துட்டாங்க." "போன வாரம் மைனஸ் ஒன்பது." மைனஸ் ஒன்பது என்று கேட்டதும் நம்மவர் முகம் வாடும். பிள்ளை அந்த வாரம் சளியோடு வீட்டில் படுத்திருந்தான். ஒரு டிகிரி போச்சு.

பிள்ளைக்கு ஆறு வயது நெருங்கும்போதுதான் உண்மையான சோதனை. செப்டம்பரில் சுவரும் கூரையும் உள்ள ஆரம்பப் பள்ளி. ஜெர்மனியில் எழுத்து கற்பிப்பது அங்கேதான் முறையாகத் தொடங்குகிறது, கிண்டர்கார்டனிலிருந்து வருகிற எந்தப் பிள்ளைக்கும் ஏ, பி, சி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இது அவருக்கு நன்றாகத் தெரியும், பொங்கல் விழாவில் நாற்பது பேருக்கு விளக்கியிருக்கிறார். ஆனாலும் ஏப்ரல் மாதத்திலிருந்து ராத்திரித் தூக்கம் போய்விட்டது. 'மத்த பிள்ளைங்க எல்லாம் படிக்கத் தெரிஞ்சு வந்தா?' மனைவிக்குத் தெரியாமல் எழுத்துப் பயிற்சிப் புத்தகம் மூன்று வாங்கி, எவரெஸ்ட் ஜாக்கெட்டுக்கு அடியில் மறைத்துவைத்தார். ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சி என்று பிள்ளையைக் கூட்டிப்போய், குச்சியால் சேற்றில் ஏ எழுதச் சொன்னார். யாராவது பார்த்தால் இயற்கை வழிக் கல்வி என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிள்ளை ஏ எழுதினான். கொஞ்சம் பார்த்தான். நடுக்கோட்டின் மேல் ஒரு மண்புழுவை எடுத்து வைத்தான். "இப்ப சரி" என்றான்.

அப்பா படம் எடுத்தார். இதற்கு எத்தனை மார்க் என்று அவர் மனதில் ஒரு கணக்கு ஓடியது.

இத்தனை கதைக்கு நடுவிலும் பிள்ளை நன்றாக இருக்கிறான். விழுந்தால் தானே எழுகிறான். நின்று காத்திருக்கத் தெரிகிறது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைக்குக் கையுறை மாட்டிவிடுகிறான். அன்றைக்கு எத்தனை டிகிரி என்பது அவனுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. அதனால் காட்டுப்பள்ளியைப் பற்றி என் தீர்ப்பு: பள்ளிக்கூடம் முதல் தரம். திருந்த வேண்டியது அப்பாதான், அதற்கும் அங்கே வசதி இருக்கிறது, விறகு இன்னும் நிறையப் பாக்கி.

பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. விண்ணப்பத்தைச் சீக்கிரம் போடுங்கள். பல பள்ளிகள் மத்தியானமே முடிந்துவிடும், வேலை நேரத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். உடுப்பைப் பழசாகவே, ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். பழகும் காலம் முடிந்ததும் மரத்துக்குப் பின்னால் நிற்காமல் வீட்டுக்குப் போய்விடுங்கள். அங்கே பிள்ளைக்கு யாரும் மார்க் போடுவதில்லை. தயவுசெய்து நீங்களும் போடாதீர்கள்.